கூரையில் எழுதிய மாசி

மாப்ளே,

இன்று காலை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு உளுந்த வடை வாங்கினேன். கடைக்காரர் அதை ஒரு தாளில் வைத்துக் கொடுத்தார். வடையை எடுத்தால் அடியில் நீ இருக்கிறாய். நெற்றி முழுக்க எண்ணெய். மீசையில் கறிவேப்பிலைத் துணுக்கு ஒட்டியிருக்கிறது. நம் கடை நோட்டீஸ். ஐப்பசியில் உன் மகன் அடித்தது. தை முடியப் போகிறது, இன்னும் ஊருக்குள் தீரவில்லை. உன் மூஞ்சிக்குப் பக்கத்தில் இடிந்து விழுகிற கூரை, அதற்குக் கீழே தொட்டிலில் ஒரு குழந்தை. 'இன்றிரவு மழை வந்தால்?' என்று சிவப்பு எழுத்தில் ஒரு கேள்வி. வடையை அப்படியே வைத்துவிட்டு டீயை மட்டும் குடித்தேன்.

நீயாக இருந்தால் ஒரே சொல்லில் முடித்திருப்பாய். "கருமம்." பேகம்பூர்ப் பக்கம் மழை நாளில் தோல் பதனிடும் ஷாப் நாற்றம் எழும்பினாலும் அதுதான், கல்யாண வீட்டில் சாம்பார் ஆறிப் போயிருந்தாலும் அதுதான். நீ இருந்தவரை அருவருப்புப் படுவது உன் வேலை, ஆட்களைச் சமாதானம் செய்வது என் வேலை. இப்போது இரண்டையும் நானே பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒழுகுகிற வீடுகளைச் சரிசெய்ய நாம் கடை போட்டபோது ஊரே சிரித்தது உனக்கு ஞாபகம் இருக்கும். குடிதண்ணீருக்குக் குடத்தோடு அலைகிற திண்டுக்கல்லில் தண்ணீரை நிறுத்த இரண்டு பேர் கடை திறந்திருக்கிறார்கள் என்றார்கள். மொட்டை மாடியில் பழைய தட்டோடுகளைப் பெயர்த்து, தளம் போட்டு, தண்ணீர் வடிய வாட்டம் பார்ப்பது நான். வேலை பிடித்து வருவது நீ. முதல் வருடங்களில் எல்லோரையும் போலத்தான் செய்தோம். ஐப்பசி மழை இறங்கியதும் ஆட்டோவில் ஸ்பீக்கர் குழாய் கட்டி விட்டோம், பேப்பருக்குள் நோட்டீஸ் வைத்தோம். போன் அடித்துக்கொண்டே இருந்தது. நாம் பிழைத்துக்கொள்வோம் என்று நான் நம்பினேன்.

அப்புறம்தான் அந்த ஒட்டன்சத்திரம் வெங்காய குடோன். நசநசவென்று தூறிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்ததும் அடித்த நாற்றம் இருக்கிறதே, அழுகிய சின்ன வெங்காயம், ஈரச் சாக்கு, எலிப் புழுக்கை எல்லாம் சேர்ந்து, இத்தனை வருடம் கழித்தும் மூக்கை விட்டுப் போகவில்லை. மூட்டைகளின் அடியில் பழுப்பாக ஏதோ வழிந்து நம் செருப்பில் ஏறியது. ஈரத் தளத்தின் மேல் எதைப் போட்டாலும் பிடிக்காது, காய்ந்த பிறகுதான் கை வைக்க முடியும் என்று நான் சொன்னேன். குடோன்காரர் குரலை உயர்த்தவே இல்லை.

"ஏனுங்க, உடனே வருவோம்னு நோட்டீஸ்ல போட்டிருக்கறீங்க. வந்து அண்ணாந்து பார்த்துட்டுப் போறதுக்குத்தானுங்களா வந்தீங்க?"

அன்றைக்கே யாரோ ஒருவன் ஈரத்தின் மேலேயே தாரை உருக்கி ஊற்றி அவரிடம் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டான் என்று பிறகு கேள்விப்பட்டோம். அது அடுத்த மழைக்கே பிளந்துகொண்டது.

திரும்புகிற பஸ்ஸில் நீ செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டுச் சொன்னாய். "மழையில நம்மளத் தேடுறவனுக்கு நம்மால ஒண்ணும் செய்ய முடியல. நம்மால முடியுறப்ப எவனும் நம்மளத் தேடுறதில்ல. நடுவுல நோட்டீஸுக்கும் ஆட்டோவுக்கும் காசைக் கொட்டுறோம். கருமம்."

மழை நின்றதும் சனங்கள் என்ன செய்கிறார்கள் என்று நீ பார்க்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். கார்த்திகையில் கூரையில் பழுப்பு வளையமாகக் கறை தெரியும். அறைக்குள் ஈரம் ஊறிய ஓத வாடை குமட்டும், அதன் மேல் ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்திருப்பார்கள், அந்த இரண்டும் கலந்த நாற்றம் இன்னும் மோசம். மார்கழி வந்ததும் நம் ஆட்கள் கிறிஸ்துமஸுக்கும் மற்றவர்கள் பொங்கலுக்கும் வெள்ளையடித்துவிடுவார்கள். கறை மறைந்தால் ஒழுகியதும் மறந்துவிடும். அடுத்த ஐப்பசிவரை ஒருவரும் அண்ணாந்து பார்க்கமாட்டார்கள். மழைக்கும் வெள்ளையடிப்புக்கும் நடுவில் உள்ள அந்தக் கொஞ்ச நாளைத்தான் நீ பிடித்துக்கொண்டாய்.

செம்பட்டி ரோட்டு டீச்சரம்மா வீட்டில்தான் முதல் தடவை. நீ ஸ்டூல் போட்டு ஏறினாய். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கறையைச் சுற்றிக் கோடு போட்டு, நடுவில் 'மாசி' என்று எழுதினாய். இந்த இடத்தில் மட்டும் வெள்ளையடிக்காதீர்கள், வெயில் வந்ததும் வருகிறோம் என்றாய். அந்த அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"நல்ல நாளும் அதுவுமா நாலு பேர் வருவாக. நடு வீட்டுல இது அசிங்கமா இருக்காதா?"

"அசிங்கமாத்தான் இருக்கும், டீச்சர். அசிங்கமா இருந்தாத்தான் மாசியில ஞாபகம் வரும்."

பாதி வீடுகளில் நம்மை விரட்டிவிட்டார்கள். மீதி வீடுகளில் பொங்கலுக்கு வந்த மாமன் மச்சான் எல்லாம் அண்ணாந்து பார்த்து அது என்ன என்று கேட்டார்கள். கேட்டவர்கள் வீட்டிலும் கறை இருந்தது. ஆட்டோ இல்லை, நோட்டீஸ் இல்லை, ஒரு பென்சில்தான். "நம்ம விளம்பரத்தை அவுக கூரையிலயே எழுதியாச்சு. எவனும் அதுல வடை மடிக்க முடியாது" என்று நீ சிரித்தாய். தை கடைசியிலிருந்து சித்திரைவரை எனக்கு மூச்சுவிட நேரம் இல்லாமல் போயிற்று. கடை நிலைத்து நின்றது அந்தப் பென்சிலால்தான்.

முந்தின வருட மார்கழியில் நீ போனாய். உன் பங்கு உன் மகனிடம் வந்தது. அவனை முழுக்கக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. இதற்கு முந்தின இரண்டு வருடமும் மழை சரியில்லை, கறையே இல்லாத கூரையில் எதைச் சுற்றிக் கோடு போடுவது? இந்த ஐப்பசியில் மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியதும் என்னைக் கேட்காமலே உன் படத்தைப் போட்டு நோட்டீஸ் அடித்துவிட்டான்.

"அப்பா காலம் வேற, மாமா. பயம் இருக்கும்போதே அட்வான்ஸை வாங்கிறணும். இல்லேன்னா கடையைப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்."

டீச்சரம்மா வீட்டின் பின்பக்கம் புதிதாகக் கட்டிய அறை ஒழுகியிருக்கிறது. நோட்டீஸில் உன் முகத்தைப் பார்த்துத்தான் போன் செய்தார்கள். உன் மகன் ஆளை அனுப்பி, நனைந்த தளத்தின் மேல் தாரை ஊற்றி, உள்ளே கறையின் மேல் டிஸ்டம்பர் அடித்துவிட்டு வந்திருக்கிறான். கார்த்திகையில் அந்த அம்மா கூப்பிட்டு நான் போய்ப் பார்த்தேன். டிஸ்டம்பர் ஆறிய கஞ்சியில் ஏடு கட்டியது போல் தொங்கியது. கட்டில் மேல் கறுப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. டீச்சரம்மா என்னைத் திட்டவில்லை.

"உங்க கடையின்னு நம்பித்தானே விட்டேன்" என்றார்கள்.

நம் கடைப் பெயர் அந்த அறையில் நாறியது, மாப்ளே. இனி எந்த வீட்டில் ஸ்டூல் கேட்டாலும் கொடுக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். இந்தக் கடையும் வேண்டாம், கூட்டும் வேண்டாம், முறித்துக்கொள்வது என்று முடிவுகட்டி உன் வீட்டுக்குப் போனேன்.

உன் முதல் வருட நினைவுப் பூசைக்காக வீடு முழுக்க வெள்ளையடித்திருந்தார்கள். வாசலிலேயே காயாத சுண்ணாம்பு வாடை, அதற்கு அடியில் ஓதம். என் மூக்குக்கு அது தப்புமா? உன் படத்துக்கு மேலே அண்ணாந்து பார்த்தேன். போவதற்கு முன்னால் உன் வீட்டுக் கூரையின் பழைய கறைக்கும் நீ கோடு போட்டு மாசி என்று எழுதியிருந்தாய். அடுத்து வந்த மாசியில் நீ இல்லை, யாரும் செய்யவில்லை. இப்போது உன் மகன் அதன் மேலேயே சுண்ணாம்பை இழுத்திருக்கிறான். வெள்ளைக்குள்ளிருந்து மஞ்சளாக அது திரும்ப வந்துகொண்டிருந்தது.

சண்டைக்கு நான் வாயைத் திறப்பதற்குள் உன் வீட்டுக்காரி ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டது.

"அண்ணே, அவுக போட்ட கோட்டை இவன் அழிச்சுட்டான். நீங்க ஏறிப் போடுங்க."

"பூசைக்கு ஊரே வரும், தங்கச்சி."

"வரட்டும். பார்க்கட்டும்."

உன் மகன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நான் உன் பென்சிலோடு ஏறிக் கோடு போட்டேன். உன் எழுத்து மாதிரி வரவில்லை.

சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் முதலில் உன் படத்தைப் பார்த்தார்கள், பிறகு அண்ணாந்தார்கள். ஒருவரும் கேட்கவில்லை. உன் மகன் அதற்கு நேர் கீழே காபித் தட்டோடு நின்றான். டீச்சரம்மாதான் டம்ளரை எடுத்துக்கொண்டே கேட்டார்கள்.

"என்ன தம்பி, மேலே என்னமோ எழுதியிருக்கு?"

அவன் தட்டை ஸ்டூலில் வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தான்.

"ஒழுகுது டீச்சர். மாசியில வேலை பார்க்கணும்." பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு டீச்சரம்மா பக்கம் திரும்பினான். "முதல்ல உங்க வீடு. தாரைச் சுரண்டி எடுத்துட்டு முறையா செய்யுறோம். அப்புறந்தான் இது."

கூட்டை முறிக்க நான் வைத்திருந்த பேச்சு அத்தோடு எனக்குள்ளேயே நின்றுவிட்டது.

மிச்ச நோட்டீஸை அவன் கட்டாகத் தூக்கி எடைக்குப் போட்டிருக்கிறான், முட்டாப்பயல். அதுதான் இன்று வடைக்கு அடியில் வந்திருக்கிறது. எரிக்கத் தெரியவில்லை பார். உன் மூஞ்சியை டீக்கடைக் குப்பையில் போட எனக்கு மனசு வரவில்லை, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். எண்ணெய் கசிந்து பை முழுக்கக் கறை. உன் பென்சில் என் காதில் இருந்தது. டீக்கடைக் கண்ணாடியில் பார்த்துக் கறையைச் சுற்றிச் சட்டை மேலேயே ஒரு கோடு போட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"கருமம்" என்றேன். உன் குரல் மாதிரியே இருந்தது.