கர்க்லாண்டில் இறங்கிய நாள்

ரொக்ஸ்பரோ, மொன்றியல்
4 மே 2025

அன்புத் தம்பி டனிஸ்ரனுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். தொலைபேசியில் கதைத்தால் சண்டையில்தான் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். அப்பாவால் இனிப் படி ஏற முடியாது. குளிக்க வார்ப்பது, மருந்து, சாப்பாடு எல்லாம் நான்தான். வேலைக்கும் போய்வருகிறேன். முதுகு தாங்கவில்லை.

வீட்டை விற்றுவிட்டேன். ஜூலை முதலாம் திகதி சாவி கொடுக்க வேண்டும். கராஜில் நிற்கும் பழைய மஸ்டாங் காரையும் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். நீ வந்து ஒரு மாதம் அப்பாவுடன் நின்றால் நான் கொஞ்சம் மூச்சு விடுவேன்.

அன்புடன்,
செலீன் அக்கா

வன்கூவர்
15 மே 2025

அன்புள்ள அக்கா,

காரை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். சின்ன வயது என்றாலே எனக்கு அந்தச் சிவப்புக் கார்தான். கறுப்பு சீட் வெயிலில் தொடையைச் சுடும். அப்பா சாவியைத் திருப்பினால் முழுத் தெருவும் எட்டிப் பார்க்கும்.

எனக்கு ஏழு வயது. ஒரு ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்து வரும்போது நீங்களும் அம்மாவும் கடைக்கென்று கர்க்லாண்டில் இறங்கினீர்கள். அப்பா என்னை முன் சீட்டுக்கு வரச் சொல்லி ஏரிக்கரைவரை ஓடினார். ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். ஆளில்லாத பார்க்கிங்கில் மடியில் இருத்தி ஸ்டியரிங் பிடிக்கவிட்டார். "வளந்தாப் பேந்து நீதான்ரா இதை ஓடப்போறாய்" என்றார். அதைவிட நல்ல நாள் எனக்கு வாய்க்கவில்லை.

இங்கே லீவு தரமாட்டார்கள். கோடை முடியப் பார்க்கிறேன்.

தம்பி,
டனிஸ்ரன்

ரொக்ஸ்பரோ
26 மே 2025

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் கடைக்கு இறங்கவில்லை.

அப்பா ஹைவேயில் நூற்றைம்பதைத் தாண்டி ஓடினார். நீ "இன்னும், இன்னும்" என்று கை தட்டினாய். "பிள்ளையள் இருக்குதுகள், மெல்லமாப் போங்கோ" என்று அம்மா மூன்று தரம் கேட்டார். அப்பா கர்க்லாண்டில் ஹைவேயை விட்டு வெளியே எடுத்து ஓரமாக நிறுத்தினார். "பயமெண்டால் இறங்கி நட" என்றார். அம்மா இறங்கினார். பின் சீட்டிலிருந்த நான் முன் சீட்டை மடித்துக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் வெளியே குதித்தேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

வீடுவரை நடந்தோம். பூசைக்குப் போட்ட செருப்பு கடித்து அம்மாவின் குதிக்காலில் இரத்தம். "தம்பிக்குச் சொல்லாதை, அவனுக்கு அப்பாவெண்டால் உயிர்" என்றார். முப்பது வருடம் சொல்லவில்லை. அம்மாவின் அடக்கத்துக்கு நீ வந்து நின்றபோதும் சொல்லவில்லை.

உன் நல்ல நாளைக் கெடுப்பதற்காக எழுதவில்லை. களைப்பில் வாய் திறந்துவிட்டது. காரை வைத்திருக்கிறேன். நீ வா.

அக்கா

ரொக்ஸ்பரோ
22 ஜூன் 2025

தம்பி,

உன் பதில் வரவில்லை. வெள்ளிக்கிழமை லொறிதான் வந்தது. சாரதி "பொன்ஜூர்" சொல்லிவிட்டு உன் பெயர் போட்ட தாளை நீட்டினான். மஸ்டாங்கை வன்கூவருக்கு ஏற்ற வந்தானாம். சாவியைக் கொடுத்தேன். நீ ஒரு வரி எழுதியிருக்கலாம்.

காரை லொறியில் ஏற்றும்போது அப்பா ஜன்னலடியில் இருந்தார்.

"ஆர், டனிஸ்ரனே ஓடுறான்?"

"ஓம் அப்பா."

ஜன்னல் கண்ணாடியைக் கையால் துடைத்துவிட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்: "மெல்லமா ஓடச் சொல்லு பிள்ளை. கொம்மா பயப்பிடுவா."

நான் குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அதைக் கேட்க அம்மா இருந்திருக்க வேண்டும்.

முப்பதாம் திகதி திங்கட்கிழமை அப்பாவைப் புரோசார்ட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்கிறேன். அவருக்குப் பின்னேரம் நல்ல தெளிவு இருக்கும், அப்போது கூப்பிட்டால் கதைப்பார். இல்லத்தின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

நான் போகும் வீட்டின் முகவரியை எழுதவில்லை.

செலீன்