ஜமாலின் லிஸ்ட் புதுக் கம்ப்யூட்டருக்கு மாறிய கதை

என் உயிர் மாப்ள ஜமாலுக்கு,

நலமா என்று கேட்டால் பதில் வராது, அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். உன் கறுப்புத் திரைக் கம்ப்யூட்டரை நிறுத்தியாகிவிட்டது. ரத்தம் கொடுக்கிறவர்கள் லிஸ்ட் இப்போது புது விண்டோஸில் ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது. ஆனால் அதை மாற்றும்போது நான் ஒரு பெரிய தப்புப் பண்ணினேன். அதை நாலு பேர் கேட்கச் சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும்.

கேட்கிற அந்த நாலு பேருக்கு நீ யார் என்று தெரிய வேண்டுமே. மதுரையில் கோரிப்பாளையம் சிக்னல் பக்கத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர். இவ்வளவுதான் ஜமால் கடை. பெரியாஸ்பத்திரி நடக்கிற தூரம் என்பதால், ரத்தத்துக்கு அலைகிறவர்கள் சொந்தக்காரர்களுக்குப் போன் பண்ண உன் பூத்துக்குத்தான் வருவார்கள். கண்ணாடிக் கதவுக்குள் அவர்கள் அழுவதைப் பார்த்துப் பார்த்து, லிஸ்ட் போடுகிற பாக்ஸ்ப்ரோ என்ற கம்ப்யூட்டர் கோர்ஸை ஆறு மாசம் படித்து, நீயாகவே ஒரு புரோகிராம் எழுதினாய். பெயர், குரூப், ஏரியா, போன் நம்பர், கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். குரூப்பை அடித்தால் ஆட்கள் வரிசையாக வருவார்கள், நீ ஒவ்வொருவராகப் போன் பண்ணுவாய்.

ஊரே விண்டோஸுக்கு மாறியபோது உனக்கு எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். "எலியைப் பிடிக்கிறதுக்கா மாப்ள கடை வச்சிருக்கேன்" என்று மவுஸைக் கையால் தொட மறுத்தாய். உன் பெட்டி சுவிட்சைப் போட்டதும் எழுந்தது, அணைத்ததும் தூங்கியது. அதற்குமேல் ஒரு கம்ப்யூட்டருக்கு என்ன மரியாதை வேண்டும் என்பது உன் கட்சி.

அப்புறம் ஒரு நாள் காலையில் உனக்கு நெஞ்சு வலி வந்தது. யாரையும் கூப்பிட நேரமே கொடுக்காமல் போய்விட்டாய். ஒரு பாட்டில் ரத்தம் வேண்டும் என்று சொல்லியிருந்தால் பாதி மதுரை வாசலில் வந்து நின்றிருக்கும். நீ எதுவுமே கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

கணவன் போனபின் வீட்டோடு இருக்கிற இத்தா நாட்கள் முடிந்ததும் மும்தாஜ் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். நீ எனக்கு மாப்ள என்றால் உன் மனைவி எனக்குத் தங்கச்சிதானே? சனிக்கிழமை மத்தியானமும் ஞாயிற்றுக்கிழமையும் நான் போய்க் கூட இருப்பேன். லிஸ்ட்டில் தேடிப் போனில் பேசுவதைத் தங்கச்சி பார்த்துக்கொண்டாள், அதுவும் நிற்காமல் ஓடியது. தொந்தரவு ஆரம்பித்தது போன் நம்பரில். மதுரை நம்பர்களுக்கெல்லாம் முன்னால் ஒரு இரண்டு சேர்ந்தது. உன் கட்டத்திலோ ஆறு இலக்கத்துக்குத்தான் இடம், ஏழாவதை அடித்தால் ஒரு சத்தம் போட்டுத் துப்பிவிடும். கொஞ்ச நாள் இரண்டை மனசிலேயே சேர்த்துச் சுற்றினோம். ஆட்கள் பத்து இலக்க செல்போன் நம்பரைக் கொடுக்க ஆரம்பித்ததும் அந்த வித்தையும் பலிக்கவில்லை. கட்டத்தைப் பெரிதாக்கத் தெரிந்த ஒரே ஆள் நீ.

புதுக் கம்ப்யூட்டர் வாங்கலாம், நான் மாற்றித் தருகிறேன் என்று தங்கச்சியிடம் சொன்னேன். என் தெம்புக்குக் காரணம் இருந்தது. ஆபீஸில் எல்லோரையும் விண்டோஸுக்கு மாற்றியபோது முதல் பயிற்சி எனக்குத்தான். அதிலிருந்து பிரிண்டரில் பேப்பர் சிக்கினால்கூட ரெங்கராஜன் சாரைக் கூப்பிடு என்பார்கள். தலைக்கனம் கொஞ்சம் ஏறியிருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

புதுப் பெட்டி வந்த அன்றைக்கே என்னைச் சோதித்தது. உன் புரோகிராமை அதில் போட்டால், ஒரு சின்னச் சதுரத்துக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து வந்து அப்படியே உறைந்துபோனது. உன் பழைய பிரிண்டரின் அகலமான பின்னைச் செருக அதன் முதுகில் ஓட்டையே இல்லை. தங்கச்சி பழக்கத்தில் ஃபேனை அணைக்கிற மாதிரி சுவிட்சை அணைப்பாள். மறுநாள் அது பத்து நிமிஷம் தன்னைத்தானே சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கும். நாம் அணைத்ததுக்கு இது கோபித்துக்கொள்கிறதா என்று கேட்டாள். ஆமாம், இனிமேல் சொல்லிவிட்டுத்தான் அணைக்க வேண்டும் என்றேன்.

கடைசியில் உன் லிஸ்ட் ஃபைலை மட்டும் ஃப்ளாப்பியில் எடுத்து எக்ஸெலில் திறந்தேன். மாப்ள, அத்தனை பேரும் கோடு போட்ட நோட்டில் எழுதின மாதிரி வந்து நின்றார்கள். எனக்குக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. குறிப்பு என்ற கட்டம் மட்டும் மேலிருந்து கீழே வரை காலி. சோம்பேறிப் பயல், ஒன்றும் எழுதவில்லை போல என்று நினைத்து அந்தக் கட்டத்தையே அழித்தேன். நம்பர்கள் வெளியே போய்விடக் கூடாது என்று ரொம்பப் பொறுப்பாகப் பழைய பெட்டியையும் முழுசாகத் துடைத்துப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்தேன்.

அடுத்த மாசம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். மனைவிக்குப் பிரசவமாகி ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ். ஆஸ்பத்திரியில் இருந்ததை ஏற்றிவிட்டார்கள், இன்னும் வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். நான் புதுப் பெட்டியில் தேடினேன், கண் இமைக்கிற நேரத்தில் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் சென்னைக்குக் குடிபோய்விட்டார். இன்னொருவர் போன மாசம்தான் கொடுத்திருந்தார். மூன்றாவது ஆள் திருநகர் பாண்டி, எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றுகிறவன்.

பாண்டியின் அம்மாதான் போனை எடுத்தார். நான் ஆபீஸ் தோரணையில், உங்கள் மகன் உடனே ரத்தம் கொடுக்க வர வேண்டும் என்றேன்.  மகன் ஊரில் இல்லை என்று சொல்லிப் போனை வைத்தார். திரும்பச் சுற்றினேன், எங்கேஜ்டு சத்தம்தான் வந்தது. வந்தவர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்த தங்கச்சி அதை அப்படியே விட்டுவிட்டு வந்தாள்.

"ரத்தம்னு சொன்னீகளா அண்ணே?"

"பெறகு என்னத்தச் சொல்ல?"

"மோட்டார் நின்னு போச்சு, பாண்டிய அனுப்புங்கன்னு சொல்லணும். அவுக அப்படித்தான் சொல்லுவாக. அந்தம்மாவுக்கு ரத்தம்னா பயம், மகன விடாது. குறிப்புலயே எழுதி வச்சிருந்தாகளே, நீங்க பாக்கலையா?"

 பாண்டியின் பட்டறை திருப்பரங்குன்றம் ரோட்டில், அங்கே போன் இல்லை என்றும் அவள்தான் சொன்னாள். ஸ்கூட்டரை எடுத்தேன். அன்றைக்கு ரோட்டில் எத்தனை பேர் என்னைத் திட்டினார்கள் என்று எண்ணவில்லை. பாண்டி கை நிறைய வார்னிஷோடு உட்கார்ந்திருந்தான். விஷயத்தைச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் ஏறிவிட்டான். வழியெல்லாம் உன் பேச்சுத்தான். "ஜமால் பாய் இருந்த வரைக்கும் எங்கம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. ஒரு மோட்டாரு இம்புட்டுத் தடவையா நிக்கும், அதை மாத்தித் தொலைக்கச் சொல்லுடான்னு மட்டும் வையும்" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேரமாகிவிட்டால் அந்தப் பெண்ணுக்கு நான் என்ன பதில் சொல்வது என்றே ஓடிக்கொண்டிருந்தது.

நேரமாகவில்லை. மூன்று நாள் கழித்து அந்த மனிதர் நம் பூத்துக்கே வந்து, தாயும் பிள்ளையும் சுகம் என்று ஊருக்குப் போன் பண்ணினார்.

அந்த வாரம் விசாரித்தபோதுதான் தெரிந்தது. நீளமான குறிப்புகளை உன் பாக்ஸ்ப்ரோ தனி ஃபைலில் வைக்குமாம். இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், புள்ளிக்குப் பின்னால் வருகிற வால் மட்டும் வேறு. நான் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைத் துடைத்துவிட்டேன். பழைய இரும்புக்கடைக்கு ஓடினேன், பெட்டியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி விற்றிருந்தார். அது கிடைத்திருந்தாலும் துடைத்தவன் நான்தானே? தங்கச்சி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஆனால் உட்கார்ந்து அழுகிற ஆளா நான்? ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை நானும் அவளும் லிஸ்ட்டை மேலிருந்து எடுத்தோம். இத்தனை வருஷமாக மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்து, நீ போன் பேசி முடிக்கிற வரை தூக்குச்சட்டியோடு காத்திருந்தவள் அவள். நீ பேசினதெல்லாம் அவள் காதில் இருந்தது. செல்லூர் முருகேசனுக்கு ஊசியைப் பார்த்தால் மயக்கம் வரும், படுத்ததும் கிரிக்கெட் பேச வேண்டும். வில்லாபுரம் செல்வத்துக்குப் பக்கத்து வீட்டுப் போன், அந்த டீச்சரிடம் அவர் மகள் படிப்பை விசாரித்துவிட்டுத்தான் ஆளைக் கூப்பிடச் சொல்ல வேண்டும். அவள் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். என் பெயர் வந்தபோது மட்டும் ஞாபகமில்லை என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்னைப் பற்றி அப்படி என்னடா எழுதி வைத்தாய்?

அவளுக்குத் தெரியாத ஆட்களை நான் வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன். எப்படிக் கேட்டால் உங்களுக்கு வசதி என்று நேரடியாகவே கேட்டேன். இதைச் செய்து முடிக்க ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் ஆயிற்று. இப்போது குறிப்புகள் தமிழ் எழுத்திலேயே இருக்கின்றன. ரத்தம் கொடுத்து மூன்று மாசம் ஆகாதவர்கள் பெயர் சிவப்பில் தெரியும். ஒரு காப்பி சி.டி.யில் என் வீட்டிலும், அச்சடித்த ஒன்று கடையிலும் இருக்கிறது. உன் எலியும் ஒன்றும் கடிக்கவில்லை மாப்ள, நீ சும்மா பயந்தாய். என் அம்மா சௌக்கியம். அவர் எங்கள் வீட்டுச் சௌராஷ்டிர மொழியில் திட்டினாலும் சிரித்துக்கொண்டே சாப்பிட ஆள் இல்லையே என்று உன்னைத் தேடுகிறார்.

இன்னும் ஒன்று பாக்கி. லிஸ்ட்டில் முதல் வரிசை நீ. பி பாசிட்டிவ், வீட்டு நம்பர். பி பாசிட்டிவ் தேடும்போதெல்லாம் முதலில் நீ வந்து நிற்பாய், நான் பார்க்காத மாதிரி அடுத்த வரிசைக்குப் போய்விடுவேன். எல்லா வேலையும் முடிந்த அன்றைக்கு, இதை எடுத்துவிடட்டுமா என்று தங்கச்சியிடம் கேட்டேன். 

"வரிசையை எடுக்க வேணாம்ணே. பேரை மட்டும் மாத்துங்க. எனக்கும் அதே குரூப்புதான், டெஸ்ட் எடுத்து வச்சிருக்கேன்" என்றாள்.

நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன். அவளே சொன்னாள்.

"ஊர்ல அம்புட்டு பேரையும் கேட்டாக. என்னைய ஒரு நாளும் கேக்கலை."

ஏன் கேட்கவில்லை ஜமால்? உன் பெயரை அழித்து அவள் பெயரை அடித்தேன். ஒரு மனிதனின் பெயரை அழிக்க ஐந்தாறு தட்டுத்தான் ஆகிறது. குறிப்பில் என்ன போடட்டும் என்றேன். நேராகவே கேட்கலாம் என்று போடச் சொன்னாள்.

போன சனிக்கிழமை மத்தியானம் கடையில் நான் மட்டும் இருந்தேன், தங்கச்சி சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தாள். விபத்தில் அடிபட்ட ஒரு பெரியவருக்கு பி பாசிட்டிவ் வேண்டும் என்று அவர் மருமகள் ஓடி வந்தார். தேடினேன். முதல் வரிசையைத் தாண்டாமல் உன் வீட்டு நம்பரைச் சுற்றினேன். மோட்டார், கீட்டார் என்று எதுவும் சொல்லவில்லை. தங்கச்சி, ரத்தம் வேணும் என்றேன். சாப்பிட்டாச்சா என்றும் கேட்டேன்.

"இப்பத்தான் கை கழுவுனேன். வாரேண்ணே" என்றாள்.

நாளைக்கே இன்னொரு விண்டோஸ் வரும், அதற்கு அப்புறம் வேறொன்றும் வரும். நீ கவலைப்படாதே. எந்தப் பெட்டிக்கு மாறினாலும் பெயர்களுக்கு முன்னால் குறிப்புகளைத்தான் காப்பி எடுப்பேன். நம்பரை எந்திரம் தேடட்டும். ஒவ்வொருவரையும் எப்படிக் கேட்க வேண்டுமோ அப்படித்தான் கேட்பேன். இது உன்மேல் சத்தியம்.

உன் தங்கமான மனைவிக்கு அண்ணன்,
உனக்கு என்றைக்கும் மாப்ள,
ரெங்கன்