வயிற்றுக்கு நடுவே ஒரு பலூன்

என் ஆசைத் தங்கச்சி மாலாவுக்கு,

நேற்று உன் மகள் தர்ஷிக்குப் பிறந்தநாள். நீ போனபிறகு வரும் முதல் பிறந்தநாள். விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன், என் மகன் கவின் விடவில்லை. பொகவந்தலாவை பஜாரில் கேக்கும் பலூனும் வாங்கி வந்தோம். நம் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் வந்துவிட்டார்கள்.

பலூன் விளையாட்டு வைத்தேன். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, வயிற்றுக்கு நடுவே பலூனைப் பிடித்து, கையால் தொடாமல் தண்ணீர் பிடிக்கும் பைப்படி வரை போய் வர வேண்டும். தர்ஷியும் கவினும் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தார்கள். பலூன் நழுவ நழுவ இவள் எக்கினாள், அவன் குனிந்தான். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று!

பாதி வழியில் கவின் இறுக்கி நெருக்கினான். தர்ஷி சட்டென்று விலகிவிட்டாள். பலூன் மண்ணில் உருண்டது.

"ஏன் விட்ட?" என்றான் கவின்.

"அமுக்காத. அம்மாவுக்கு வயித்துல கட்டி இருந்துச்சுல்ல, அமுக்குனா வலிக்கும்னு சொல்வாங்க."

அவளைத் தனியாகக் கூட்டிப்போனேன். "எப்ப சாமி சொன்னாங்க?"

"நீங்க குவைத்துக்குப் போறதுக்கு முந்தியே, பெரியம்மா. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்குனாங்க. சொன்னா நீங்க போகமாட்டீங்களாம்."

மாலா, என்னை பஸ் ஏற்றிவிட வந்தாயே, அப்போதே தெரியுமா உனக்கு? போனில் முகத்தைப் பார்த்து "ஏன்டி இப்படி மெலிஞ்சிட்ட?" என்று கேட்டபோதெல்லாம், "கேஸ்ட்ரிக்தான்க்கா" என்றாயே. உன் வீட்டுக்காரருக்குத் தெரியும். ஒரு சின்னப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கு மட்டும் நீ செத்த செய்திதான் வந்தது.

என் நல்லதுக்குத்தான் மறைத்தாயாம், உன் வீட்டுக்காரர் சொல்கிறார். கூடப் பிறந்தவள் இங்கே வலியில் கிடக்க, அங்கே யார் வீட்டுப் பிள்ளையையோ குளிப்பாட்டிக்கொண்டிருந்தது எனக்கு நல்லதா? போவதா இருப்பதா என்பதை நானல்லவா முடிவு செய்திருக்க வேண்டும்?

"சொல்லிட்டேன்ல, அம்மா கோவிப்பாங்களா?" என்று தர்ஷி அழுதாள். இத்தனை நாளும் அந்தப் பிள்ளை இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். என்னை ஏமாற்றியதைக்கூட விடு, அவளுக்கு இதைச் செய்ய உனக்கு எப்படி மனசு வந்தது?

"கோவிக்கமாட்டாங்க சாமி," என்றேன். உனக்காக நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கவினோடு விளையாட ஓடிவிட்டாள். எனக்குத்தான் உன் படத்துக்கு விளக்கேற்ற மனம் வரவில்லை.

இந்தக் கோபம் எப்போது ஆறும் என்று தெரியாது. ஆனால் இனி நான் கடல் தாண்டமாட்டேன். தர்ஷி என் பிள்ளையாகவே வளர்வாள். நாளைக்கு எனக்கு ஒன்று என்றால், அவள் கையைப் பிடித்து, நானே அவளிடம் சொல்வேன். இது சத்தியம்.

உன்மேல் கோபமாகவே இருக்கும்,
உன் அக்கா ராணி