வீட்டில் என் பாதி

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். விவாகரத்துத் தீர்ப்பு வந்து ஒரு வருடமாகியும் கை உங்களை அத்தை என்றுதான் எழுதுகிறது. முட்டி வலி தேவலையா? பெரியவளும் சின்னவனும் உங்களைப் படுத்தாமல் சாப்பிடுகிறார்களா?

நான் சுகம். ஓட்டல் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறேன். போன வாரம் வங்கியிலிருந்து போன் வந்தது. உங்கள் மகன் வீட்டுக் கடனில் தன் பாதியைக் கட்டவில்லையாம்.

“நாங்க பிரிஞ்சு வருஷமாச்சு சார்” என்றேன்.

“கோர்ட்டு பிரிச்சிருக்கலாம்மா. கடன் பத்திரத்துல ரெண்டு பேரும் சேர்ந்துதான் இருக்கீங்க” என்றார்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஓவர்டைம் பார்த்து முழுத் தவணையும் கட்டிவிட்டேன். உங்கள் மகனைத் திட்டாதீர்கள், அவருக்குச் சம்பளம் வரவில்லையாம்.

இஸ்திரிப் பெட்டியின் ஆவி முகத்தில் படும்போது கண் சொக்கி, நின்றபடியே நம் வீட்டுக்குள் போய்விடுகிறேன். அங்கே யாரும் என்னைப் பார்ப்பதில்லை. பாதி வீடு என்னுடையது, எந்தப் பாதி என்று மட்டும் பத்திரத்தில் இல்லை. அதனால் தினம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். முந்தாநாள் மாடிப்படியில் கீழ் ஆறு படிகள். நேற்று வெயிலோடு சேர்த்துச் சமையலறை ஜன்னல்.

கூடத்து ஜன்னலின் அளவை அனுப்புங்கள். இங்கே கழித்துப் போட்ட விரிப்புகளில் திரை தைக்கலாம். சின்னவனின் செருப்பு அளவும் வேண்டும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதுங்கள். பிள்ளைகள் இப்போது எந்த அறையில் தூங்குகிறார்கள்? இனி அந்தப் பாதியையே வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் மருமகள்