அண்ணன் விட்டுவைத்த இடுக்குகள்

என் உயிருக்கு உயிரான அண்ணா,

உன் படகு தண்ணீரைத் தொட்டது. மூன்று நாள் மிதந்தது. இந்த நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். மீதியைச் சொல்லத்தான் கை ஓடவில்லை.

கப்பலில் தச்சு வேலை பார்த்துவிட்டு, நெஞ்சு நோயோடு காரிமங்கலம் திரும்பியவன் நீ. கடலுக்கும் நமக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாத ஊரில், மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில், இரண்டு பேர் படுத்துச் சமைத்துப் போகிற மாதிரி ஒரு பாய்மரப் படகைக் கட்டினாய். சந்தைக்கு வந்தவர்களெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். அண்ணியைக் கடலூரிலிருந்து ராமேஸ்வரம் வரை அதில் அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தாய். இடுக்கு அடைப்பதும் வெளிப்பூச்சும்தான் பாக்கி. அதற்குள் தர்மபுரி ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாய்.

அங்கே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாயே, "பலகை இடுக்க கெட்டியா அடைச்சிராதடா. பஞ்சத் திணிச்சு இளகுன மக்குப் பசை வெச்சாப் போதும். தண்ணி பட்டா மரமே ஊதி மூடிக்கும்."

தலையாட்டினேன். மனதுக்குள் வேறு ஓடியது. இருபது வருஷமாக லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிறவன் நான். இடுக்கு தெரிந்தால் எங்கள் தொழிலில் மானம் போய்விடும். மரம் உன்னுடையது, பெயிண்ட் என்னுடையது என்று நினைத்துவிட்டேன். எவ்வளவு திமிர் பார்.

நீ போன பிறகு, சித்திரை வெயிலில் மரம் சுண்டிக் கிடந்த நேரத்தில் வேலையைத் தொடங்கினேன். ஒவ்வொரு இடுக்கிலும் லாரித் தகரத்தின் பள்ளத்துக்கு வைக்கிற பட்டிப் பசையைத் திணித்து, காயவிட்டு, உப்புத்தாள் தேய்த்து, ஆறு கை பெயிண்ட் அடித்தேன். அடியில் சிவப்பு, மேலே நீலம். கைப்பழக்கத்தில் முகப்பில் ஒரு தாமரையும் போட்டுவிட்டேன். "பின்னாடி ஹாரன் அடிக்கவும்னு எழுதிப்புடாதீங்க தம்பி" என்றார் அண்ணி. உனக்குப் பிறகு அவர் சிரித்தது அந்த ஒரு நாள்தான்.

ஐப்பசியில் ஏரி நிரம்பியது. கடலுக்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று லாரியில் கொண்டுபோய் இறக்கினோம். அண்ணி கரையிலேயே உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள் காலையில் உள்ளே கட்டை முறிகிற சத்தம் கேட்டது. ஊதிய பலகைக்குப் போக இடமில்லை. பட்டியோ கல்லாக நின்றது. பலகைகள் ஒன்றையொன்று நெட்டி, ஆணியைப் பிடுங்கி, உள்ளே தாங்கிய விலாக்கட்டைகளை முறித்துவிட்டன.

உன்னோடு கப்பலில் இருந்த கடலூர்க்காரர், பாய் கட்டித் தர வந்தவர், படகைத் தடவிப் பார்த்தார்.

"இனி கடலுக்கு ஆவாதுங்க. இடுக்க இப்படி அடைச்சது யாருங்க?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அண்ணன்தாங்க" என்றேன்.

"அவரா? அவருக்குத் தெரியாததா?" என்றவர், "நோவுல மறந்துட்டாரு போல" என்று தானே சொல்லிக்கொண்டார். டீ டம்ளரோடு அண்ணி பின்னால் நின்றிருந்தார். நான் பட்டி வைத்த ஒவ்வொரு நாளும் எனக்குச் சோறு கொண்டு வந்தவர். டீயை என்னிடம் நீட்டினார். திட்டியிருக்கலாம் இல்லையா, அண்ணா?

படகு திரும்பவும் கொட்டகைப் பக்கம் கிடக்கிறது. கோழிகள் அடைகின்றன. ஒரு பலகை தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகிவிட்டது. கடல் என்ற பேச்சே வீட்டில் இல்லை. நீ என்னை மன்னிப்பாய் என்றும் நான் நினைக்கவில்லை.

ஆனால் தொழிலை மறந்து செத்தவன் என்று கடலூர்த் துறைமுகத்தில் உன் கப்பல் கூட்டாளிகள் உன்னைப் பேசுவார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அதனால்தான் எல்லாரும் படிக்க இதை அச்சுக்குக் கொடுக்கிறேன். வருகிற வாரம் கடலூருக்குப் பஸ் ஏறுகிறேன். கடலையாவது பார்க்கட்டும் என்று அண்ணியையும் கூப்பிட்டேன்.

"நான் எதுக்குங்க தம்பி? நீங்க போயிச் சொல்லிட்டு வாங்க" என்றார்.

எதற்காகப் போகிறேன் என்று நான் அவரிடம் சொல்லவேயில்லை.

சொல்லிவிட்டு வருகிறேன், அண்ணா. துறைமுகத்தில் அத்தனை பேர் முன்னாலும் நின்று சொல்லிவிட்டு வருகிறேன்.

இடுக்கை அடைத்த,
உன் தம்பி.