கயிறு வாழைக்கா, கூரைக்கா?

கார்த்திகை, புதன் இரவு

புயல் காற்று இன்று ராத்திரி நம் பக்கமும் வீசும் என்று காலையிலேயே செய்தியில் சொன்னார்கள். சின்னமனூர்க் கடைகளில் நைலான் கயிறு தீர்ந்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு கட்டுதான் கிடைத்தது. அதை வைத்து, வீட்டுக்குப் பின்னால் குலை வெட்டுக்கு நிற்கும் வாழையைக் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் தகரக் கூரையில் ஆணிகள் ஆடுகின்றன. மகள் பிரசவத்துக்கு வந்தவள், கைக்குழந்தையோடு இருக்கிறாள். இவர் மத்தியானம் சாப்பிட வந்தபோது கேட்டேன்.

"ஏங்க, அந்தக் கயித்தை இங்கன கொண்டாந்து கூரையைக் கட்டுங்க."

"வாழை சாஞ்சா இந்த வருசமே போச்சு புள்ள. கூரைக்கு மணல் மூட்டை போதும்."

"உள்ள பச்சப்புள்ள கெடக்கு."

இவர் சோற்றைப் பிசைந்தார். மகள் உள்ளேயிருந்து சொன்னாள்: "அப்பா, நான் எங்க மாமியா வீட்டுக்கே போயிர்றேன். அவுக வீடு காங்கிரீட்டு. நீங்க வாழையைக் கட்டுங்க."

கோபமில்லாமல்தான் சொன்னாள். இவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய், வாழையில் கட்டியதையெல்லாம் அவிழ்த்துக்கொண்டு வந்தார். இருட்டும்வரை இருவரும் கூரையை இழுத்துக் கட்டினோம்.

இப்போது காற்று எழுந்துவிட்டது. தகரம் அசையவில்லை. மகளும் பேத்தியும் தூங்குகிறார்கள். இவர் கதவோரமே உட்கார்ந்திருக்கிறார்.

"வந்து படுங்க" என்றேன்.

"நீ படு. நல்லாத்தான் கட்டிருக்கோம்."

ஒரு ராத்திரி மட்டும் மகளைச் சம்பந்தி வீட்டுக்கு அனுப்பியிருந்தால் வாழையும் தப்பியிருக்கும். பிரசவத்துக்கு வந்தவளை அனுப்ப எங்கள் இரண்டு பேருக்குமே மனசு வரவில்லை.

வீட்டுக்குப் பின்னால் வாழை முறிகிற சத்தம். இவர் எழுந்து நின்றுவிட்டார்.