அம்மாவுக்கு நான் சொல்லிக்கொடுத்த பத்துச் சொற்கள்

ஆம்பூர்,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்பு மகள் நிஷாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லோரும் சுகம், உன் சுகத்துக்கு எழுதவும் என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம், இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரவில்லை. நான் சுகம். அம்மா சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், அவள் சுகமா இல்லையா என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம், ஆனால் நீ நடுவில் ஒரு கேள்வி கேட்டால் நான் வழக்கம்போல வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன், அதனால் எழுதி, உங்கள் ஆராய்ச்சிக்காக வீட்டுக்கு வரும் ஆஃப்ரீன் இருக்கிறாளே, அவள் கையில் கொடுத்துப் போனில் படமெடுத்து அனுப்பச் சொல்லப்போகிறேன். தபாலில் போட்டால் டென்மார்க் வந்து சேர்வதற்குள் வேலூரில் உங்கள் ஆராய்ச்சியைப் பார்த்துக்கொள்ளும் டாக்டர் நவநீதனின் மெயில் உனக்கு வந்துவிடும். நாளை மாலை வரை பொறுத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் நீ என்னிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டும் பாப்பா. வேலை இடத்தில் இருந்தால் இப்போது படிக்காதே, வீட்டுக்குப் போய் உட்கார்ந்து படி.

ஊர்ச் செய்தி என்றால் மாடித் தண்ணீர்த் தொட்டி மறுபடி ஒழுகுகிறது, எதிர்வீட்டு முத்துமாரிக்கு இரண்டாவதும் பெண் பிறந்திருக்கிறது, உன் பெயரையே வைக்கலாமா என்று கேட்டார்கள், வையுங்கள் என்றேன். பாலாற்றில் இந்த வருடம் கொஞ்சம் தண்ணீர் ஓடியது. பார், எழுத உட்கார்ந்தும் தொட்டியைப் பற்றியும் ஆற்றைப் பற்றியும் எழுதுகிறேன். விஷயத்துக்கு வருகிறேன்.

உன் ஆராய்ச்சியை உனக்கே விளக்க வேண்டியதில்லை, ஆனாலும் எனக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும், தெரியாமல் செய்தேன் என்று நான் தப்பிக்கக் கூடாது. ஐந்து நாடுகள் சேர்ந்து நிதி போடுகிறார்கள், மறதி நோய் யாருக்கு எப்படி வருகிறது என்று ஐந்து வருடம் பார்க்கிறார்கள், வேலூர் டாக்டர்கள் வீடு வீடாக ஆள் அனுப்பிக் கேட்பதை நீங்கள் அங்கே வைத்துக் கணக்குப் போடுகிறீர்கள், மூன்றாவது வருடம் நிதி கொடுப்பவர்கள் நேரில் வந்து பார்த்துத் திருப்தியானால்தான் மீதி இரண்டு வருடத்துக்குப் பணம். இவ்வளவும் எனக்குத் தெரியும், நீதான் சொன்னாய். நம் தெருவில் நாற்பது வீடு அதில் சேர்ந்தது என் பேச்சைக் கேட்டுத்தான். என் மகள் அங்கே இதைத்தான் பார்க்கிறாள் என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று பெருமை அடித்தேன். அம்மாவும் சேர்ந்திருக்கிறாள் என்று நீ முறையாக எழுதிக் கொடுத்தாய், பட்டியலில் எந்த எண் அவளுடையது என்று உனக்குத் தெரியாதபடி அவர்கள் மறைத்துவிட்டார்கள். அவ்வளவு நேர்மையாக நீ இருந்தாய்.

ஆஃப்ரீன் முதல் தடவை வந்தபோது அம்மாவுக்குப் பத்துச் சொற்கள் படித்துக் காட்டினாள், பத்து நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். நான் திரைக்குப் பின்னால் அடுக்களையில் நின்றுகொண்டிருந்தேன். பலகை என்றாள், குடை என்றாள், மறுபடி பலகை என்றாள், அவ்வளவுதான். ஷூ கம்பெனியில் அறுபது பெண்களின் வருகைப் பதிவு பஞ்ச் நம்பரை மனப்பாடமாக வைத்திருந்த சௌந்தரம் அது. எனக்கு வெட்கமாக இருந்தது நிஷா. பயம் வந்திருக்க வேண்டும், வெட்கம்தான் வந்தது. பிறகு ஆஃப்ரீன் என்னைத் தனியாக உட்காரவைத்து, பத்து வருடத்துக்கு முன்னால் இருந்ததற்கு இப்போது ஞாபகம் எப்படி, வீட்டு வேலை எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் அப்படியேதான் இருக்கிறாள் என்றேன். ஆறு மாதம் கழித்து மறுபடி வந்தபோது அதே பத்துச் சொற்கள். சொற்கள் மாறுவதில்லை என்று அன்றைக்குக் கண்டுகொண்டேன். பலகை, மாங்காய், குடை, சாவி, தபால், ஆறு, எருமை, தலையணை, விளக்கு, பாட்டு. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவைத்தேன்.

முப்பத்தொரு வருடம் தோல் பதனிடும் ஷாப்பில் செலக்ஷன் மேசையில் நின்றவன் நான், உனக்குத் தெரியும். ஜன்னல் வெளிச்சத்தில் தோலை விரித்து முள் கீறல் எங்கே, உண்ணி கடித்த தழும்பு எங்கே என்று பார்த்துத் தரம் பிரிப்பது வேலை. தோல் வாங்க வெளிநாட்டு பையர் வருகிற அன்றைக்கு ஒவ்வொரு தோல் கட்டிலும் மேலே இருக்கும் நாலு தோலை மாசு மறு இல்லாமல் பார்த்து அடுக்குவதும் நான்தான். அதை யாரும் பொய் என்று சொல்ல மாட்டார்கள், வருகிறவருக்குச் செய்யும் மரியாதை என்பார்கள். பையருக்கும் அது தெரியும், மேலே இருப்பதைத் தள்ளிவிட்டு கட்டின் நடுவில் கையைவிட்டு உருவிப் பார்ப்பார், அது அவர் வேலை. அம்மாவையும் அப்படித்தான் மேலே அடுக்கினேன். ஆராய்ச்சிக்காரர்கள் அப்படி நடுவில் கையை விட்டுப் பார்க்க மாட்டார்கள், நாம் சொல்வதை நம்பி எழுதிக்கொண்டு போவார்கள், அந்த நம்பிக்கையின் மேல்தான் ஐந்து நாடுகளும் பணம் போடுகின்றன என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

தினமும் காலையில் காபி குடித்ததும் அவளை உட்காரவைத்துச் சொல்லித்தருவேன். முதலில் சிரித்தாள், இன்னாங்க, இந்த வயசுல பிட் அடிக்கக் கத்துத் தர்றீங்களா என்றாள். பிறகு அது ஜெபம் மாதிரி ஆகிவிட்டது, கையை மடியில் வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் சொல்வாள். மூன்றாவது தடவை எட்டுச் சொல் சொன்னாள். ஆன்ட்டி சூப்பர், போன தடவைய விட ஜாஸ்தி என்று ஆஃப்ரீன் கை கொடுத்துவிட்டுப் போனாள். அதே மாதம்தான் நீ போன் பண்ணினாய். அம்மா ஒரே விஷயத்த ரெண்டு தடவ சொல்றாங்கப்பா, எனக்கு என்னமோ மாதிரி இருக்கு, இங்க கான்ட்ராக்ட் முடியுது, புதுசு எடுக்காம வந்துடட்டுமா என்று கேட்டாய். எட்டு மார்க் வாங்கியிருக்கா, உன்னோட பரீட்சையிலயே பாஸ் பண்ணிட்டா, நீ வந்து இன்னா பண்ணப் போற என்று சொன்னேன். நீ சிரித்தாய். நான் வெறும் வாயால் சொல்லியிருந்தால் நீ நம்பியிருக்க மாட்டாய், மார்க்கைச் சொன்னதால் நம்பினாய்.

இதோடு நின்றிருந்தால் நம் வீட்டுப் பாவமாகப் போயிருக்கும். பக்கத்துத் தெரு நயீம் அகமது பாய் தன் மனைவிக்கு மார்க் கம்மியாகிவிட்டது என்று பேஜாராக இருந்தார், ஆஸ்பத்திரியில் எழுதி வைத்துவிட்டால் பேத்தி சம்பந்தம் பேசும்போது வெளியே வந்துவிடுமோ என்று பயந்தார். காலண்டர் தாளை அவருக்குக் காட்டினேன். அப்புறம் இன்னும் மூன்று வீட்டுக்கு. அவர்கள் யார் யாருக்குக் கொடுத்தார்களோ, இப்போது விசாரித்ததில் பதினொரு வீடு. போன கிறிஸ்துமஸுக்கு நீ எவ்வளவு சந்தோஷமாகப் பேசினாய். எல்லா ஊர்லயும் ஞாபக மார்க் கோடு கீழ இறங்குதுப்பா, நம்ம ஆம்பூர்ல மட்டும் ஒரு பத்து இருபது பேருக்கு மேல ஏறுது, அவங்க சாப்பாடா, வேலையா, பேசுற ரெண்டு பாஷையா, எதுவோ காப்பாத்துது, அது என்னன்னு கண்டுபிடிக்கத்தான் அடுத்த ரெண்டு வருஷப் பணத்தக் கேக்கறோம், அந்தப் பக்கத்த நான்தான் எழுதினேன் என்றாய். அது காப்பாற்றும் பொருள் இல்லையம்மா, நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. டென்மார்க்கில் இருப்பவளிடம் போய், மாட்டுப் பொங்கலுக்கு அங்கே மாடு வாங்குவார்களா என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன்.

போன வியாழக்கிழமை நிதி கொடுக்கும் குழுவினர் நாலு பேர் வேலூர் வந்தார்கள். பாகாயம் பக்கம் ஒரு மண்டபத்தில் கூட்டம். குடும்பங்கள் சார்பில் பேச என்னையும் அம்மாவையும்தான் கூப்பிட்டிருந்தார்கள். நான் எழுந்து, எங்கள் தெருவே உங்கள் பக்கம் நிற்கிறது, ஒரு வீடுகூட விலகவில்லை என்று பேசினேன், கை தட்டினார்கள். அப்போது குழுவில் ஒரு வெள்ளைக்கார அம்மா எழுந்து வந்து உன் அம்மாவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இந்த ஆராய்ச்சி உங்களுக்கு என்ன செய்து தர வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள் என்று கேட்டார், டாக்டர் நவநீதன் தமிழில் சொன்னார். அம்மா என்னைப் பார்த்தாள். கையை மடியில் வைத்தாள். பலகை மாங்காய் குடை சாவி தபால் ஆறு எருமை தலையணை விளக்கு பாட்டு என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். வெளிநாட்டவர்கள் ஏதோ கவிதை என்று நினைத்துக் கை தட்டினார்கள். ஆஃப்ரீன் தட்டவில்லை, டாக்டரும் தட்டவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது பள்ளிகொண்டா தாண்டியதும் அம்மா என் தோளைத் தொட்டு, கரெக்டா சொல்லிட்டேனாங்க என்று கேட்டாள். கரெக்டா சொல்லிட்ட என்றேன்.

மறுநாளே ஆஃப்ரீன் வந்துவிட்டாள். சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன், அவள் அழுதாள். லிஸ்ட நான்தான் வெளிய விட்டுட்டேன்னு எழுதிடுவாங்க அங்கிள், எனக்கு வேல போய்டும், அது போனா போவுது, ஆன்ட்டிக்கு எப்போலருந்து இப்படி, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல என்றாள். உன் வயதுப் பெண். சனிக்கிழமை நானே வேலூர் போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பதினொரு வீட்டின் விவரமும் கொடுத்து, ஆஃப்ரீனுக்கு இதில் சம்பந்தமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். ஆம்பூர்க் கணக்கு முழுவதையும் விலக்க வேண்டியிருக்கும், ஐந்து நாட்டுக்கும் எழுத வேண்டும், மீதிப் பணம் வருமா என்று என்னால் இப்போது சொல்ல முடியாது, அவர்கள் கண்டுபிடிக்கும் முன் நாமே போய்ச் சொல்வது ஒன்றுதான் நமக்கு இருக்கும் பிடி என்றார். நீ எழுதிய அந்தப் பக்கம் போய்விடும் நிஷா. உன் வேலையும் அந்தப் பணத்தில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இதற்கு நான் என்ன சொல்லி உன்னிடம் மன்னிப்புக் கேட்பது.

நேற்று அம்மாவை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கேட்டது புது ஆள், புதுச் சொற்கள். புதிதில் ஒன்றுகூட அவளுக்கு வரவில்லை. அதற்குப் பதில் பழைய பத்தையும் வரிசை மாறாமல் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார், நோயை நிறுத்தாது, கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம், ரெண்டு வருஷம் முன்னாடி ஆரம்பிச்சிருந்தா இன்னும் கொஞ்சம் தள்ளியிருக்கலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, கேட்கத் தைரியமில்லை.

கடைசியாக ஒன்று இருக்கிறது, இதை டாக்டரிடமே நேற்றுதான் சொன்னேன். மாற்றத்தை முதலில் எப்போது கவனித்தீர்கள் என்று படிவத்தில் கேட்டிருந்தது, ரெண்டு வருஷம் என்று எழுதினேன். வாசல் வரை போய்த் திரும்பிவந்து அடித்துத் திருத்தினேன். மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. நீ விமானம் ஏறுவதற்கு நாலு மாதம் முன்பு. உனக்கென்று அம்மா ஒரு நீலச் சுடிதார் தைத்தாளே, நீ கிளம்பிய அன்றைக்குப் போட்டுக்கொண்டு போனாயே, அதில் இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டித் தைத்திருந்தாள். இருபத்திரண்டு வருடம் மெஷினில் உட்கார்ந்தவள், அதைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே தப்பு என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாங்கிக்கொண்டு போய் பஜார் டெய்லரிடம் கொடுத்து ஒரு கையை மாற்றினேன், உன்னிடம் மூச்சு விடவில்லை. சொல்லியிருந்தால் நீ போயிருக்க மாட்டாய். உன் நல்லதுக்காக மறைத்தேன் என்று மூன்று வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அது பாதிதான் உண்மை. மகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய இருதயராஜ் என்று இந்தத் தெருவில் நடக்க எனக்கு ஆசையாக இருந்தது. அம்மா உன்னை முழுதாகத் தெரிந்துவைத்திருந்த மூன்று வருடத்தை நான் எடுத்துக்கொண்டேன், உன்னைக் கேட்கவில்லை, அவளையும் கேட்கவில்லை.

என் மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், பேசாமல் இருந்தாலும் சரி, அம்மாவோடு பேசு. லீவு கிடைக்குமா பார், இந்தத் தடவை வராதே என்று நான் சொல்ல மாட்டேன். அதுவரை இங்கே காலை நேரமாகப் பார்த்துக் கூப்பிடு, சாயந்திரம் ஆனால் அவளுக்குக் கலங்கிவிடுகிறது. நான் யாரு சொல்லு என்று மட்டும் அவளிடம் கேட்காதே, எடுத்தவுடன் அம்மா நான் நிஷா என்று நீயே சொல்லிவிடு. ஆண்டவர் உன்னை எல்லாத் தீங்குக்கும் விலக்கிக் காப்பாராக. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

இப்படிக்கு,
உன் அப்பா
சூ. இருதயராஜ்